நாலாயிரத்துக்குக் கீழே

அன்று ஜெரால்டின் பட்டறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையோ நான் விட்டுவிட்டேன் என்று பிறகு பேச்சு வரக்கூடாது. பட்டறைக்குச் சொந்தக்காரரும் உங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பின் அப்போதைய தலைவருமான ஜெரால்டு. ஜெரால்டோடும் என்னோடும் மூன்றாவது நடுவராக இருந்த பல் மருத்துவர் நாச்சியார். போட்டிக்கு எஞ்சின் கட்டிக்கொண்டு வந்த இருவர், தரணியும் சாதிக்கும். என் மகன் இளம்பரிதி. அவன் மனைவி பூங்கோதை. பிறகு நான். கைதட்டுவதற்கென்று வந்த கூட்டத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

உட்காருங்கள், தம்பி. தண்ணீர் குடியுங்கள். காப்பி வேண்டுமென்றால் சற்று நேரமாகும்; வீட்டில் வேறு யாரும் இல்லை. இந்த ஆண்டுப் போட்டிக்கும் நான் நடுவராக வர வேண்டும் என்று கேட்கக் கிளப்பின் புதிய செயலாளராக வந்திருக்கிறீர்கள். வருகிறேன். அதில் எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை. ஆனால், "போன தடவை பத்தி வெளிய ரெண்டு விதமா பேசிக்கறாங்க மேடம்" என்று வாசலில் நின்றே இழுத்தீர்கள். இழுத்ததை முடித்துவிட்டுப் போகலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் எஞ்சின் வடிவமைப்பு நடத்தியவள் நான். பாதியில் நிற்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது.

போட்டி எதற்கு நடந்தது என்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அறுநூற்றைம்பது சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டி. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கலாம், பிஸ்டன் மாற்றலாம், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் மாற்றலாம். எஞ்சினை அவரவர் திறமைக்கு ஏற்பப் பெருக்கிக் கட்டலாம். ஆனால் உச்ச சக்திக்கு மட்டும் பரிசு கிடையாது. அன்றாடம் ஓட்டத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். உச்ச சக்திக்கு நாற்பது மதிப்பெண், அன்றாட ஓட்டத்துக்கு அறுபது. அந்த அறுபதை வைத்தவளே நான்தான். ஜெரால்டு தொண்ணூறும் பத்துமாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். "இது பந்தயத் திடலில் ஓடுகிற வண்டி அல்ல, ஜெரால்டு. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு அலுவலகம் போகிற மனிதனின் வண்டி" என்று சொல்லி மாற்றினேன். இதை வெளியே பேசுகிறவர்கள் யாராவது உங்களிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள்.

எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றி, வண்டியை நான்கு பக்கமும் வாரால் இறுக்கிக் கட்டி, முகத்துக்கு நேரே பெரிய மின்விசிறியை வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகுவார்கள். எஞ்சினின் இழுவையும் சக்தியும் திரையில் கோடாக எழும். அந்தக் கோட்டை அச்சிட்ட தாளைப் பார்த்துத்தான் நாற்பதும் அறுபதும் போடுவோம். இதில் ஜெரால்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரிடம் தொழில் பழகியவர்கள் எல்லாருக்கும் உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு வந்த பிறகே முழுதாகத் திருகுவார்கள். அதற்குக் கீழே திருகினால் பெரிய கேம் போட்ட எஞ்சின் திணறும். சங்கிலி படபடவென்று அடிக்கும். பார்ப்பதற்கு நன்றாக இராது. ஆகவே கோடு நாலாயிரத்தில்தான் தொடங்கும். தரணியின் கோடும் அங்கேதான் தொடங்கியது. சாதிக்கின் கோடும் அங்கேதான் தொடங்கியது. இருவருக்கும் ஒரே அளவுகோல். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

தரணியின் கோடு அழகானது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம் வரை ஒரு சுளிப்பில்லாமல் ஏறியது. சாதிக்கின் கோடு தட்டையாகப் போய், பாதிக்குமேல் சோர்ந்து இறங்கிவிட்டது. கல்லூரி மாணவன் ஒருவனிடம் இரண்டையும் கொடுத்திருந்தாலும் எது சிறந்தது என்று சொல்லியிருப்பான்.

நாச்சியாருக்கு மட்டும் அது போதவில்லை. அந்தப் பெண் தினமும் காந்திபுரத்தில் இருக்கும் தன் கிளினிக்குக்கு இதே பெரிய வண்டியில் போகிறவள். ஆகவே அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஓர் எண்ணம்.

"மேடம், நான் கிளினிக் போற வழியில ஒருநாளும் நாலாயிரத்தைத் தொட்டதில்லை. சிக்னல் விட்டா சிக்னல். அங்க யாரு தொடுவா? இந்தத் தாள்ல என் ரோடே இல்லியே!"

"அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?"

"ரெண்டு வண்டியையும் ஒரு தடவை உக்கடம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து மார்க் போடுவோம். டிராஃபிக்கும் இப்ப நல்லா நெரிசலாத்தான் இருக்கும்."

ஜெரால்டு சிரித்தார். "டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாத்தான் மார்க் போடுவாங்க" என்றார்.

நான் அமைதியாகவே விடை சொன்னேன். ஓட்டிப் பார்ப்பது என்றால் ஒருவருடைய உடம்பு சொல்வதை எண்ணாக மாற்றுவது. உயரமானவர் ஒன்று சொல்வார், குட்டையானவர் வேறொன்று சொல்வார், பசியோடு போனவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். அது அளவீடு ஆகாது. இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சாதிக் தன் வண்டியின் பின்னிருக்கையைத் தட்டிக் காட்டினான்.

"மேடம், நீங்க ஓட்டவே வேண்டாம். பின்னாடி உக்காருங்க. உக்கடம் போயி ஒரு ரோஸ்மில்க் குடிச்சிட்டு வருவோம். திரும்பி வந்து எனக்கு முட்டை மார்க் போட்டாலும் சரி!"

எல்லாரும் சிரித்தார்கள். பூங்கோதை சிரித்தாள். என் மகனும் சிரித்தான். நான் வாழ்நாளில் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவள் அல்ல. அது அவனுக்குத் தெரியும், இருந்தும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கும் நான் போட்ட மதிப்பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தரணி என் மாணவன் என்பதற்கும் தொடர்பில்லை. என் பாடத்தில் ஒருமுறை தேறாமல் போனவன் அவன்; சலுகை என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. பரிசை வாங்கியதும் காலில் விழ வந்தான். தடுத்தேன். கொஞ்சம் தாமதமாகத் தடுத்தேன் என்று நாச்சியார் பிறகு யாரிடமோ சொன்னாளாம். அவள் தன் மதிப்பெண்ணை நேர் எதிராகப் போட்டாள். ஜெரால்டு என் தாளை எட்டிப் பார்த்து, "மேடம் போட்டதேதாங்க என்னுதும்" என்று அப்படியே எழுதிக்கொண்டார். தரணிக்குக் கோப்பை கிடைத்தது.

இதுவரை நடந்ததில் தவறு எங்கே இருக்கிறது? சொல்லுங்கள். நீங்களும் பொறியியல் படித்தவர்தானே!

சரி. மேலே கேளுங்கள். இளம்பரிதியும் அப்போது அதே வண்டிதான் வைத்திருந்தான். எஞ்சினைப் பெரிதாக்கிக் கட்ட வேண்டும் என்று வெகுநாளாக அவனுக்கு ஆசை. போட்டிக்கு முன்பே சாதிக்கிடம் பேசி வைத்திருந்தான் போலிருக்கிறது. அன்று வீட்டுக்குத் திரும்பியதும் சமையலறை வாசலில் வந்து நின்று சொன்னான்.

"அம்மா, எனக்கு என்னவோ சாதிக் கட்டினதுதான் பிடிச்சிருக்கு. அவன்கிட்டயே குடுத்தர்றேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருபோதும் சொல்லவில்லை. "தாராளமாகக் கொடு. நடுவருடைய மகனே நடுவரை நம்பவில்லை என்று நாலு பேர் பேசுவார்கள், அவ்வளவுதான்" என்றேன். தடுத்ததாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அவன் சாதிக்கிடம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வண்டியைத் தரணியிடம் கொண்டுபோய் விட்டான். வயதுக்கு வந்த ஆண்பிள்ளை, மனைவி உள்ளவன், தானாக எடுத்த முடிவு.

வண்டி திரும்பி வந்த பிறகு இரண்டு மூன்று முறை முணுமுணுத்தான். "கீழ இழுக்கவே மாட்டீங்குதும்மா. அவினாசி ரோட்டுல மெதுவாப் போறப்ப திக்கித் திக்கிப் போகுது. சிக்னல்ல ரெண்டு தடவை அணைஞ்சே போச்சு." பூங்கோதை கேலி செய்தாள்: "அத்தை, உங்க பையன் வண்டி ஓட்டறாரா இல்ல குதிரையைக் கெஞ்சறாரான்னே தெரியல. பின்னாடி உக்காந்திருக்க எனக்கு வெக்கமா இருக்கு." அவள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் சொன்னது ஒன்றுதான். நல்ல எஞ்சின் ஓட்டுபவனிடம் கொஞ்சம் எதிர்பார்க்கும், பழகிக்கொள் என்றேன். பழகிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் இருவருமாக வால்பாறை கிளம்பினார்கள்.

ஆழியாறு தாண்டி மலை ஏறும் சாலை உங்களுக்குத் தெரியும். வளைவுக்கு மேல் வளைவு. இடதுபுறம் மடங்குகிற ஒரு கொண்டை ஊசி வளைவில் இவர்கள் ஏறிக்கொண்டிருக்க, மேலிருந்து பேருந்து ஒன்று அகலமாகத் திரும்பி இறங்கியிருக்கிறது. இளம்பரிதி வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கியிருக்கிறான். அதுவரை எல்லாம் சரி. பேருந்து கடந்ததும், வண்டி இன்னும் சாய்ந்தபடி இருக்கும்போதே, ஆக்சிலேட்டரைக் கொடுத்திருக்கிறான். எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டு அணைந்துவிட்டது. ஓடுகிற வண்டி சாய்ந்தாலும் நிமிரும். நின்ற வண்டி சாய்ந்தால் விழத்தான் செய்யும். மெதுவாகத்தான் விழுந்திருக்கிறது. அவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. பூங்கோதையின் இடது கணுக்கால் வண்டிக்கும் சாலைக்கும் நடுவே போய்விட்டது.

தகடு வைத்து, திருகாணி போட்டுச் சேர்த்தார்கள். எக்ஸ்ரேயை நானும் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, வாங்கிப் பார்த்தேன். இனிமேல் மைதானத்தில் ஓட முடியாது என்றார் மருத்துவர். மருத்துவமனையில் இளம்பரிதி வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்: "என் தப்புதாங்க. நாந்தான் விட்டுட்டேன்." கட்டுப்போட்ட காலோடு பூங்கோதையை அவளுடைய அப்பா மாரப்பன் பொள்ளாச்சிப் பக்கத்தில் இருக்கும் தம் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

நான் என் கடமையைச் செய்யாமல் இருந்துவிடவில்லை. ஒரு பிற்பகலில் ஜெரால்டை வரச்சொல்லி, இளம்பரிதியின் வண்டியை அவர் பட்டறைக்கு எடுத்துப்போகச் செய்தேன். அவனுக்குத் தெரியாது, வேலைக்குப் போயிருந்தான். "நாலாயிரத்திலிருந்து வேண்டாம். இரண்டாயிரத்திலிருந்து முழுதாகத் திருகுங்கள்" என்றேன்.

"சங்கிலி அடிக்குமுங்க மேடம்."

"அடிக்கட்டும்."

திருகினார். தம்பி, நான் எத்தனையோ எஞ்சின்களைச் சோதனைக் கூடத்தில் ஓட்டியவள். ஆனால் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. தொண்டையில் கவளம் சிக்கிய மனிதனைப்போல அந்த எஞ்சின் திணறியது. வண்டி வாரை இழுத்துக்கொண்டு குதித்தது. மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு, இழுவை என்று ஒன்று இல்லவே இல்லை. திரையில் கோடு ஒரு கிணற்றுக்குள் இறங்கியதுபோல இறங்கியது. பிறகு நாலாயிரத்தை நெருங்கியதும், ஒன்றுமே நடவாததுபோல், அதே அழகான கோடு ஏறத் தொடங்கியது. நான் கோப்பை கொடுத்த கோடு.

ஜெரால்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "பிரிண்ட் போடட்டுங்களா?"

"வேண்டாம்" என்றேன்.

ஏன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? எனக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பார்த்தது என் மனத்தில் இருந்தது. ஜெரால்டும் அதன் பிறகு வாய் திறக்கவில்லை. தலைவர் பதவியை மட்டும் விட்டுவிட்டார். அதற்குக் காரணம் அவருடைய உடல்நிலை என்று கேள்விப்பட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வண்டியும் தரணி கட்டியதுதானே? நீங்கள் சொல்லவில்லை, வாயிலுக்கு வெளியே திரும்பும்போது ஒரு தரம் அணைந்ததே, அதைக் கேட்டேன். இந்த வீட்டுக்கு எதிரே ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் ஏறி இறங்குகிற வண்டிகளில் அவன் கட்டியவை எவை என்று இங்கே உட்கார்ந்தபடியே என்னால் சொல்ல முடியும். கோப்பை கிடைத்த பிறகு அவனிடம் நிறையப் பேர் கட்டிக்கொண்டார்கள் போலிருக்கிறது. தூசி வருகிறது என்று அந்தப் பக்கத்து ஜன்னலை இப்போதெல்லாம் சாத்தியே வைத்திருக்கிறேன். நீங்கள் மெதுவாகத் திரும்பும்போது முதல் கியருக்கு இறங்கிவிடுங்கள். பின்னால் ஆள் இருந்தால் கட்டாயம் இறங்கிவிடுங்கள். இதைக் கிளப்பில் மற்றவர்களுக்கும் சொல்லலாம். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் போய் அந்த இரண்டு விதமாகப் பேசுகிறவர்களிடம் சொல்ல வேண்டும். என்மேல் அவர்களுக்கு இருக்கிற ஐயம் தீர்ந்துவிடும்.

பூங்கோதைக்குக் கட்டுப் பிரித்த பிறகு மாரப்பன் எங்களை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். இளம்பரிதியும் நானும் பேருந்தில் போனோம். அவன் வண்டியைத் தொடுவதையே விட்டிருந்தான். இளநீர் கொடுத்தார்கள். மாரப்பன் தோட்டக்காரர், அதிகம் படித்தவர் அல்ல. ஆனால் கோபமாக ஒரு சொல் பேசவில்லை. பூங்கோதை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிளம்புகிறவளைப்போலத் தலைவாரிப் பூ வைத்திருந்தாள்.

"ஏனுங்க சம்பந்தியம்மா," என்றார் அவர். "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. புள்ளை கால் போச்சு. அது வண்டியோட கோளாறுன்னா நம்ம கெட்ட நேரம், அம்முட்டுத்தான். இன்னைக்கே அம்மிணியைக் கூட்டிட்டுப் போங்க. மாப்பிள்ளை கவனமில்லாம விளையாட்டுத்தனமா ஓட்டி விழுந்ததுன்னா, நான் கொஞ்சம் யோசிக்கோணும். மறுபடியும் எப்படி நம்பி அனுப்பறது? அவரு என் தப்பு, என் தப்புங்கறாரு. அம்மிணியைக் கேட்டா, வண்டி தானா நின்னு போச்சுப்பா, ஆனா ஏன்னு தெரியலைங்குது. இந்த வீட்டுல யாருக்கு எஞ்சின் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் மேல பேச மாட்டேன்."

அப்போதுதான் இளம்பரிதி தலை நிமிர்ந்தான். அத்தனை நாளும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

"அம்மா சொல்லட்டும் மாமா," என்றான். "அம்மா என்ன சொன்னாலும் ஒத்துக்கறேன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

தாயாகப் பதில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மாரப்பன் என்னைத் தாயாகவா கேட்டார்? எஞ்சின் தெரிந்தவளாகக் கேட்டார். எஞ்சின் தெரிந்தவளாக நான் எதைச் சொல்ல முடியும்? அந்த எஞ்சினில் எதுவும் உடையவில்லை. எதுவும் தேயவில்லை. கட்டப்பட்ட விதத்துக்கு அது சரியாகவே ஓடியது. கீழே இழுவை இல்லாத எஞ்சினை அந்த வளைவில் இரண்டாவது கியரில் வைத்திருந்தது யார்? அதை அந்த மலைக்கு எடுத்துப்போனது யார்? அதைத் தேர்ந்தெடுத்து வண்டியில் வைத்தது...

சரி. அதை விடுங்கள்.

நான் பதறவில்லை, குரல் நடுங்கவில்லை. வகுப்பில் சொல்வதைப்போலச் சொன்னேன்: "எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. முதல் கியருக்கு இறங்கியிருக்க வேண்டும். ஓட்டியவனின் தவறு."

என் மகன் என்றும் பார்க்கவில்லை, தம்பி. நடுவர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இதைப் போய்ச் சொல்லுங்கள்.

மாரப்பன் வெகுநேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். பூங்கோதை என்னைப் பார்க்கவில்லை; அவனைத்தான் பார்த்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள், கால் ஊன்ற முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள். "என்னங்க" என்று மட்டும் கூப்பிட்டாள். "இருங்க மாப்பிள்ளை, பேசிக்கலாம்" என்றார் மாரப்பன்.

இளம்பரிதி எழுந்து நின்றுகொண்டிருந்தான். ஏதாவது சொல்லுவான் என்றுதான் நான் காத்திருந்தேன். வாதிட்டால் பதில் சொல்ல ஆயத்தமாகத்தான் இருந்தேன். அவன் சட்டையின் முன்பக்கத்தை ஒருமுறை இழுத்து நேராக்கிக்கொண்டான். வாசற்படியில் குனிந்து செருப்பை மாட்டினான். தென்னைகளுக்கு நடுவே போகிற மண்பாதையில், எங்கள் பேருந்து நிறுத்தம் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனான்.